போட்டோவில் இருக்கும் படகு எத்தனை அடி?

ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கு வரும் கூட்டத்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். சென்னையிலிருந்து பைக்கிலும் வேனிலும் வந்து இறங்குபவர்கள் முதலில் கேமராவையோ செல்போனையோதான் வெளியே எடுக்கிறார்கள். ஏரி, பூநாரை, கரையில் கவிழ்த்துப் போட்ட படகு, வலை உலர்த்தும் பெண்கள், டச்சுக் கல்லறை வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், கடைசியில் இறால் வறுவல் தட்டு. சாயங்காலம் திரும்பும்போது ஆளுக்கு இருநூறு படமாவது தேறும். அதில் உள்ள ஏதாவது ஒரு படகைக் காட்டி, "இது எத்தனை அடி நீளம்?" என்று கேட்டால் ஒருவராலும் சொல்ல முடியாது. நிறம் இருக்கிறது, வடிவம் இருக்கிறது, பக்கவாட்டில் எழுதிய பேர்கூட இருக்கிறது. அளவு மட்டும் இல்லை.

அளவு தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். படகு கட்டுகிறவருக்கு அது தேவையே இல்லை. சாண், முழம் என்று கையாலேயே அளந்து, பழைய படகைக் கண்ணால் பார்த்தே புதியதைச் செய்துவிடுவார். பிளான் என்று ஒரு காகிதம் கிடையாது. இத்தனை காலம் அப்படித்தான் நடந்தது, நன்றாகவும் நடந்தது. ஆனால் அந்த ஏற்பாடு நடக்க ஒரு நிபந்தனை உண்டு. பழைய படகு கரையில் இருக்க வேண்டும், அதைப் பார்த்துச் செய்யத் தெரிந்த கை ஒன்றும் இருக்க வேண்டும். 1990களிலிருந்தே கட்டுமரத்தின் இடத்துக்கு ஃபைபர் படகு வர ஆரம்பித்துவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகளும் பெரும்பாலும் ஃபைபர்தான். அது தப்பு என்று சொல்ல வரவில்லை. மரம் கிடைப்பது கஷ்டம், ஃபைபரில் எஞ்சின் மாட்டுவது சுலபம். கடலுக்குப் போகிறவருக்கு எது சௌகரியமோ அதுதான் சரி. ஆனால் ஃபைபர் படகு அச்சில் வார்ப்பது. அச்சு பட்டறையில் இருக்கிறது. கட்டுமரத்துக்கு அச்சு அதைக் கட்டியவரின் கை மட்டும்தான். அந்தக் கை போய்விட்டால் மிஞ்சுவது போட்டோ. அந்தப் போட்டோவில்தான் அளவு இல்லையே!

இந்த ஊருக்கு இந்த மாதிரி நஷ்டம் புதிதல்ல. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை எழுப்பினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய துணி வியாபாரத்துக்கு நெடுநாள் அதுதான் தலைமையிடம். இங்கிருந்து போன துணிதான் கிழக்கே ஜாவா, சுமத்ரா பக்கம் மிளகும் கிராம்பும் வாங்கக் காசுபோலப் பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் கோட்டையை இடித்துத் தள்ளிவிட்டார்கள். புகைப்படம் என்ற ஒன்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல்தான். கொஞ்சம் காத்திருந்து இடித்திருக்கக் கூடாதா என்று எரிச்சல் வருகிறது. இன்று அங்கே மேடும் புதரும்தான். கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லில் கோட்டையின் உருவத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அழகான வேலை. ஆனால் அதை வைத்து மதில் எத்தனை அடி உயரம் என்று கண்டுபிடிக்கப் பார்த்தால் சிரிப்புதான் வரும். செதுக்கியவருக்குக் கோட்டை கம்பீரமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

போட்டோ அப்படி இஷ்டத்துக்கு வரையாது. வெளிச்சம் நேர்கோட்டில் வந்து லென்ஸ் வழியாக விழுகிறது, அதற்கென்று கறாரான கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் அளவு கிடைக்க வேண்டும் அல்லவா? இந்த யோசனை ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்ற ஜெர்மன் கட்டடக்காரருக்கு 1858இல் வந்தது. வெட்ஸ்லர் நகரத்து தேவாலயத்தை அளக்க மேலே ஏறியவர் கால் தவறி விழத் தெரிந்தார். பிழைத்துக்கொண்டதும், ஏறி அளப்பதற்குப் பதில் கீழே நின்று படம் எடுத்து அதிலிருந்து அளந்தால் என்ன என்று யோசித்தார். ஒளிப்பட அளவியல் என்று இன்று சொல்லப்படும் துறைக்கு 1867இல் பேர் வைத்தவரும் அவர்தான். 1885இல் பிரஷ்ய அரசு இதற்கென்றே பெர்லினில் ஒரு நிறுவனம் தொடங்கி, முக்கியமான கட்டடங்களை எல்லாம் கண்ணாடித் தகடுகளில் பதிவு செய்தது. பின்னால் உலகப் போரில் அவற்றில் பல நொறுங்கின. தகடுகள் மறுசீரமைப்புக்கு உதவின.

அதே 1858இல் தமிழ்நாட்டிலும் ஒரு ஆள் கேமராவோடு அலைந்துகொண்டிருந்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, வரிசையாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். அந்தக் காலத்துக் கனமான கேமராவில், தஞ்சாவூர் வெயிலில்! படம் என்பது ஆதாரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு உதாரணம் சமீபத்தது. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல பத்தாண்டுகளாகக் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த படங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோய் ஆஸ்திரேலியாவுக்குப் போன நடராஜர் 2014இல் திரும்பி வந்ததற்கு அந்தக் களஞ்சியத்தின் படம் ஒரு முக்கிய சாட்சி.

ஆனால் படகுக்கு யார் சாட்சி? பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பாரிஸ் (ஊர் அல்ல, ஆள் பேர்) தான் போன துறைமுகங்களில் எல்லாம் நாட்டுப் படகுகளை அளந்து வரைந்து 1840களின் தொடக்கத்தில் புத்தகமாக வெளியிட்டார். நம் கரையின் கட்டுமரமும், கயிற்றால் தைத்த சலங்கும் அதில் உண்டு. ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதினார். 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்கக் கடல் திட்டத்தில் சிறு படகுகளைப் பற்றி நல்ல வேலை நடந்தது. எல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் டேப் பிடித்துச் செய்தது. இன்று டேப்பே தேவையில்லை, அல்லது ஒரே ஒரு இடத்தில் பிடித்தால் போதும் என்பதுதான் சமாச்சாரம்.

எப்படி என்று பார்க்கலாம். பொன்னேரி ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தின் ஓரத்தில் நின்றால் இரண்டு தண்டவாளமும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வது போலத் தெரியும். ஒன்றுக்கொன்று இணையான கோடுகள் எல்லாம் படத்தில் இப்படி ஏதோ ஒரு புள்ளியை நோக்கி ஓடும். ஒரு கட்டடத்தின் மூலையை இரண்டு பக்கச் சுவரும் தெரிகிற மாதிரி எடுத்தால், இடப்பக்கச் சுவரின் கிடைக்கோடுகள் ஒரு புள்ளிக்கும் வலப்பக்கத்தவை இன்னொரு புள்ளிக்கும் ஓடும். சுவர்கள் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டு புள்ளிகளிலிருந்து கேமரா எங்கே நின்றது, எந்தக் கோணத்தில் பார்த்தது, லென்ஸ் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் கணக்கில் வந்துவிடும். பெர்க்லியில் பால் டெபெவெக் 1996இல் இதை வைத்து ஒரு சாஃப்ட்வேர் செய்து காட்டினார். ஸ்கெட்ச்அப்பை 2006இல் கூகுள் வாங்கியது. அடுத்த வருஷம் வந்த 6ஆம் பதிப்பில் 'போட்டோ மேட்ச்' என்று இந்த வித்தை சாதாரண ஜனங்கள் கைக்கும் வந்தது. 2012 முதல் ஸ்கெட்ச்அப் டிரிம்பிள் கம்பெனியிடம் இருக்கிறது, வித்தை அதேதான். ப்ளெண்டர் பயன்படுத்துபவர்களுக்கு எஃப்ஸ்பை என்ற இலவச நிரல் அதே வேலையைச் செய்யும்.

பழவேற்காட்டில் இதற்குப் பொருத்தமான இடம் சந்தேகமில்லாமல் டச்சுக் கல்லறைதான். வாசலுக்கு மூலை இருக்கிறது, சமாதிகளுக்கு நேரான விளிம்பு இருக்கிறது. படத்தைத் திறந்து, சிவப்புக் கோடுகளை ஒரு பக்கத்து விளிம்புகள் மேலும் பச்சைக் கோடுகளை மறுபக்கத்து விளிம்புகள் மேலும் இழுத்துப் பொருத்தினால் படத்துக்குள் மூன்று அச்சுகள் உட்கார்ந்துகொள்ளும். பிறகு படத்தின் மேலேயே பென்சிலால் வரைந்துகொண்டே போகலாம். இந்தக் கட்டத்தில் கிடைப்பது சரியான விகிதம் மட்டும்தான், நிஜ அளவு அல்ல. ஏதாவது ஒரு விளிம்பை நேரில் டேப்பால் அளந்து வந்திருந்தால், டேப் கருவியால் அதன் இரண்டு முனைகளையும் தொட்டு நிஜ அளவைத் தட்டச்சு செய்ய வேண்டும். முழு மாடலையும் மாற்றவா என்று கேட்கும். சரி என்றால் எல்லாம் ஒரே நொடியில் நிஜ அளவுக்கு வந்துவிடும்.

இதில் கவிழ்த்துவிடும் விஷயங்கள் சில உண்டு. படத்தை அழகுக்காக ஓரம் வெட்டக் கூடாது. லென்ஸின் மையம் படத்தின் நடுவில் இருக்கிறது என்று நம்பித்தான் சாஃப்ட்வேர் கணக்குப் போடுகிறது, வெட்டினால் மையம் நகர்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்குவதோடு, உள்ளே பதிந்திருக்கும் லென்ஸ் தகவலும் போய்விடும். செல்போனின் அல்ட்ரா வைட் லென்ஸ் ஓரங்களை வளைக்கும். வளைந்த கோட்டின் மேல் நேர்கோட்டைப் பொருத்தப் பார்த்தால் தலைவலிதான் மிச்சம். ஸ்ரீஹரிக்கோட்டா ராக்கெட் தளம் பக்கத்திலேயே இருப்பதால் ட்ரோன் யோசனையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது உத்தமம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு அளவுகோலில் வரும். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, அதைக் குறிப்பதில் மூன்று மில்லிமீட்டர் தவறினால் நூற்றுக்கு ஒன்று பிசகு. ஒன்பது மீட்டர் படகில் அதுவே ஒன்பது சென்டிமீட்டர். இரண்டு மீட்டர் கம்பை வைத்து அதே மூன்று மில்லிமீட்டர் தவறினால் ஒன்பது மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர்கூட வராது. காமர்ஸ் வகுப்பில் தொடக்க இருப்பைத் தப்பாக எழுதினால் வருஷக் கடைசி வரை அந்தத் தப்பு கூடவே வரும் இல்லையா, அதே கதைதான்.

ஆனால் கல்லறை ஏற்கெனவே தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அங்கேயேதான் இருக்கும். அவசரம் படகுக்குத்தான். படகில் நேர்கோடும் கிடையாது, மூலையும் கிடையாது. சிவப்புக் கோட்டை எதன் மேல் பொருத்துவது? போட்டோ மேட்ச் இங்கே கையை விரித்துவிடும்.

அங்கேதான் ஏரி உதவிக்கு வருகிறது. சமதரையில் நின்று எடுத்த படத்தில் தொடுவானம் எப்போதும் கேமராவின் உயரத்தில்தான் இருக்கும். அதாவது, தரையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கேமராவைப் பிடித்து எடுத்திருந்தால், அதே தரைமட்டத்தில் நிற்கும் ஆள், கம்பம், படகு எல்லாவற்றையும் தொடுவானக் கோடு ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் வெட்டும். பக்கத்தில் இருந்தாலும் சரி, தூரத்தில் இருந்தாலும் சரி. நம்ப முடியாவிட்டால் வீட்டு ஆல்பத்தில் உள்ள மெரினா படத்தை எடுத்துப் பார்க்கலாம். அடியிலிருந்து தொடுவானம் வரை 300 புள்ளிகளும் அடியிலிருந்து நுனி வரை 900 புள்ளிகளும் உள்ள ஒரு மூங்கில் கம்பம் நாலரை மீட்டர் உயரம். முக்கோணமும் தேவையில்லை, சாஃப்ட்வேரும் தேவையில்லை, மூன்றாம் வகுப்புக் கணக்கு.

இதை வைத்துப் படகின் நீளத்தையும் பிடிக்கலாம். கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளவும். கரையில் ஏற்றிய படகின் முன்முனையில் தரைக்கும் தொடுவானத்துக்கும் நடுவே 300 புள்ளி, பின்முனையில் 240 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். கேமரா உயரம் 1.5 மீட்டர், லென்ஸின் குவியதூரம் புள்ளிக் கணக்கில் 3000 (சாதாரண செல்போன் லென்ஸுக்குக் கிட்டத்தட்ட இவ்வளவுதான்). 3000ஐ 1.5ஆல் பெருக்கி 300ஆல் வகுத்தால் முன்முனை 15 மீட்டர் தூரம். அதையே 240ஆல் வகுத்தால் பின்முனை 18.75 மீட்டர். படத்தின் நடுவிலிருந்து முன்முனை இடப்பக்கம் 600 புள்ளி தள்ளி இருந்தால் நிஜத்தில் 3 மீட்டர். பின்முனை வலப்பக்கம் 640 புள்ளி என்றால் 4 மீட்டர். குறுக்கே மொத்தம் 7 மீட்டர், ஆழத்தில் 3.75 மீட்டர். பைதாகரஸைக் கூப்பிட்டால் படகு 7.9 மீட்டர், அதாவது 26 அடி. யாரோ ஒரு டூரிஸ்ட், படகின் அளவைப் பற்றி நினைக்காமலே எடுத்த படத்திலிருந்து!

எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடற்கரை மணல் சரிவாக இருக்கும். எடுத்தவர் மேட்டில் நின்றிருந்தால் ஒன்றரை மீட்டர் என்பது இரண்டாகிவிடும், எல்லா அளவும் அதோடு போகும். ஏரிக்கரை தட்டை என்பதால் அங்கே பிழை குறைவு. ஆனால் ஏரியில் எதிர்க்கரை தொடுவானத்தை மறைக்கும். அப்போது எதிர்க்கரையில் தண்ணீர் முடியும் கோட்டை எடுத்துக்கொள்ளலாம். அது ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், பத்து மீட்டரில் நிற்கும் படகுக்கு வரும் பிசகு ஒன்றரை சென்டிமீட்டர்தான். மரங்களின் தலையைத் தொடுவானம் என்று எடுத்தால் கதை கந்தல்.

நீளம் கிடைத்தால் போதாது, வளைவும் வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழி. படகைச் சுற்றி நடந்துகொண்டே, ஒரு படத்தில் தெரிவதில் முக்கால் பங்கு அடுத்ததிலும் தெரிகிற மாதிரி, இடுப்பு உயரத்தில் ஒரு சுற்றும் தலைக்கு மேல் ஒரு சுற்றுமாக எண்பது படங்கள் எடுக்க வேண்டும். மெஷ்ரூம், கோல்மேப் போன்ற இலவச நிரல்கள் அந்தப் படங்களில் பொதுவாக உள்ள ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தானே கண்டுபிடித்துக் கேமராக்களை இடத்தில் நிறுத்தி, முப்பரிமாண உருவத்தைக் கட்டித் தரும். பாமியான் புத்தர் சிலைகள் 2001இல் தகர்க்கப்பட்ட பிறகு, 1970இல் எடுத்த அளவீட்டுப் படங்களை வைத்து சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் கணினியில் பெரிய புத்தரைத் திரும்ப எழுப்பினார்களே, அடிப்படை அதே மாதிரிதான். வெடிப்பும் சுரசுரப்பும் நிறைந்த பழைய மரம் இதற்கு அல்வா மாதிரி. பளபளக்கும் புது ஃபைபர் படகு இடம் கொடுக்காது. தண்ணீரில் ஆடும் படகும் வேண்டாம். நண்பகல் வெயிலைவிட மேகம் போட்ட காலை நல்லது. பக்கத்தில் இரண்டு அளவுக் கம்பு, ஒன்று கிடையாக, ஒன்று செங்குத்தாக. ஒன்றை வைத்து மாடலை அளவுக்குக் கொண்டுவந்து, இன்னொன்றைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது கம்பின் நீளம் சரியாக வந்தால் கணக்கு தேறிவிட்டது.

கட்டுமரத்துக்கு இன்னொரு சங்கதி. அது ஒரே பொருள் அல்ல, கயிற்றால் சேர்த்துக் கட்டிய மரங்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்து உலரப் போடுவதும் உண்டு. எனவே கட்டிய நிலையில் ஒரு தடவை, அவிழ்த்த நிலையில் ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாக ஒரு தடவை, முடிச்சுகளைக் கிட்டத்தில் ஒரு தடவை என்று எடுக்க வேண்டும். முடிச்சு இல்லாத கட்டுமரப் படம் வெறும் விறகுக் கட்டின் படம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு குறை இருக்கும். மாடலில் மரம் இருக்கும், பேர் இருக்காது. முன்பக்கத்தை அணியம், பின்பக்கத்தை அமரம் என்று தமிழ்க் கரையோரத்தில் சொல்வதுண்டு. ஒவ்வொரு மரத்துக்கும் கயிற்றுக்கும் இப்படிப் பேர் இருக்கும், குப்பத்துக்குக் குப்பம் மாறவும் செய்யும். ஏரியில் பாடு முறை என்று, எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்ற உரிமையை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறைகளாக இருக்கிறது. இத்தனை சிக்கலான கணக்கை ஞாபகத்தில் வைத்திருக்கிறவர்களிடம் போய் "இதுக்குப் பேரு என்னங்கய்யா?" என்று கேட்கத் தயங்கத் தேவையில்லை. படத்தைக் காட்டிக் கேட்டால், கட்டினவரே "இது இங்க வராது, அரை முழம் பின்னால" என்று திருத்தவும் கூடும். சாஃப்ட்வேர் தராத சரிபார்ப்பு அது.

வரைந்து முடித்ததும் காகிதத்தில் எடுத்து ஒரு பிரதியை அவரிடமே கொடுப்பதுதான் மரியாதை. எட்டு மீட்டர் படகு 1:20 அளவில் நாற்பது சென்டிமீட்டர், ஏ3 தாளின் நீளத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் மூலையில் '1:20' என்று எழுதினால் மட்டும் போதாது. பொன்னேரியில் ஜெராக்ஸ் எடுக்கும்போது கடைக்காரர் ஏ3ஐ ஏ4ஆகச் சுருக்கிக் கொடுத்தால் எல்லாம் 71 சதவீதமாகிவிடும், எழுத்து மட்டும் 1:20 என்றே நிற்கும். படகுக்குக் கீழே பூஜ்யத்திலிருந்து இரண்டு மீட்டர் வரை ஒரு கோடு போட்டு, கூடவே முழக் கணக்கிலும் இன்னொரு கோடு போட்டுவிட்டால், தாள் எவ்வளவு சுருங்கினாலும் கோடும் கூடவே சுருங்கும். தாளின் பின்பக்கத்தில் எடுத்த தேதி, குப்பத்தின் பேர், கேமரா பிடித்த உயரம்.